டெல்டா கிராமத்தில் இலவச மருத்துவ முகாம்: நாள் குறிப்பதிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை

மருத்துவ முகாம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் பெரும்பாலான இடங்களில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது வேறு. பிரஷரோ சர்க்கரையோ கூடுதலாக இருப்பது தெரியவந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், ஊர் மக்களின் ஒரு காலைப்பொழுதை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்ததோடு வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கிராமங்களில் முகாம் நடத்த நினைக்கும் மருத்துவமனைகள், அறக்கட்டளைகள், இளைஞர் மன்றங்களுக்காக இதை எழுதுகிறோம். முகாமுக்கு முந்தைய ஒரு மாதமும் பிந்தைய மூன்று மாதங்களும் முகாம் நாளைவிட முக்கியம் என்பதே எங்கள் எண்ணம்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது

கண்டுபிடித்தால் அடுத்து எங்கே அனுப்புவது என்பது தெரிந்த நோயை மட்டும் தேடுங்கள். ஒரு கிராம முகாமுக்கு இவை போதும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, எடையும் இடுப்புச் சுற்றளவும், பெண்களுக்கு ரத்தசோகை, கண்பார்வை, வாய், கால். எல்லாருக்கும் ஈசிஜி எடுப்பது கூட்டத்தைக் கூட்டுமே தவிரப் பயன் குறைவு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு கருவி இருக்கட்டும்.

ஸ்கேன் கருவியை முகாமுக்கு எடுத்துப் போகும் யோசனையை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். பதிவு செய்த இடத்துக்கு வெளியே அதைக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதை 1994-ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டமும் அதன் விதிகளும் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மிகவும் தேவையானது. ஆனால் அதற்குக் கதவு சாத்தக்கூடிய அறை, நல்ல வெளிச்சம், பக்கத்திலேயே கழிப்பறை, பயிற்சி பெற்ற பெண் செவிலியர் எல்லாம் வேண்டும். துணியால் மறைத்த மூலையில் செய்தால் ஒருவர் வந்து கூசிப்போவார், அடுத்த பத்துப் பேர் வரவே மாட்டார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயரை முகாமில் எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக ஒரு நாள் ஏற்பாடு செய்யுங்கள்.

நாள் குறிப்பது

டெல்டாவில் நாள்காட்டியைவிடப் பயிர்க் காலத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் அதைத் தொடர்ந்து குறுவை வேலை. பிறகு சம்பா, தாளடி நடவு, களையெடுப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பல ஊர்களுக்கு வண்டியே போகாது. தை, மாசியில் அறுவடை. அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மூச்சு விடும் மாசிக் கடைசி, பங்குனி, சித்திரைதான் நல்ல காலம். அதிலும் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாட்களையும் பெரிய முகூர்த்த நாட்களையும் தவிருங்கள். நாகூர்ப் பக்கம் என்றால் நோன்பு மாதத்தையும், வேளாங்கண்ணிப் பக்கம் என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாவையும் விட்டுவிடுங்கள்.

நேரம் காலை 6.30 முதல் 11 மணி வரை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கவும் அதுதான் வசதி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் முக்கால் நாளாவது காப்பாற்றிக்கொள்ளவும் அதுதான் வசதி. பத்து மணிக்குக் குத்துவிளக்கேற்றித் தொடங்கும் முகாமுக்கு வயல்வேலை செய்பவர்கள் வர மாட்டார்கள். தொடக்க விழா வேண்டுமென்றால் எல்லாம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் அறிவிப்பும்

அரசுப் பள்ளிக்கூடம்தான் முதல் தேர்வு. அறைகள், பெஞ்சுகள், கழிப்பறை, தண்ணீர், நிழல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கோயில் மண்டபமோ ஒரு பெரிய குடும்பத்தின் கல்யாண மண்டபமோ வேண்டாம். ஊர்த்தெருவில் வைத்தால் காலனியிலிருந்து வருபவர்கள் குறைந்துபோவது இன்றும் நடக்கிறது. வெயிலில் நடவும் அறுப்புமாக உழைக்கும் அவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை முதலில் போய்ச் சேர வேண்டும். பள்ளியே ஒரு பக்கமாக அமைந்திருந்தால், முகாமை இரண்டு நாளாகப் பிரித்து இரண்டு இடத்தில் நடத்துங்கள்.

ஒரு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் ஊராட்சித் தலைவரையும் பாருங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை அழைப்பிதழில் பெயர் போடுவதற்காக மட்டும் பார்க்காதீர்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவருக்குத் தெரியும். முகாமுக்குப் பிறகு பின்தொடரப் போகிறவரும் அவரே.

அறிவிப்புக்கு ஆட்டோ மைக் ஒரு சுற்று போதும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலைத் தளம் ஆகிய இடங்களில் நேரில் போய்ச் சொல்வது அதைவிடப் பலன் தரும். அறிவிப்பில் இருக்க வேண்டியவை: வெறும் வயிற்றில் வரவும், தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை அதைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்து வரவும். பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, கண்ணாடி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களை முதல் வரிசையில் பார்த்து உடனே சாப்பிட அனுப்பிவிட வேண்டும். பசியோடு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் மயங்கி விழுவார்கள்.

200 பேருக்கு என்ன வேண்டும்

ரத்த அழுத்தத்தை ஒழுங்காக இரண்டு முறை பார்க்க ஒருவருக்கு நான்கு நிமிடமாவது ஆகும். ஒரு மேசையில் மணிக்கு 15 பேர். நாலரை மணி நேரத்தில் 200 பேர் என்றால் நான்கு பிரஷர் மேசை, அப்போதுதான் கொஞ்சம் இடைவெளி இருக்கும். விரல் குத்தும் மேசை இரண்டு. பதிவுக்கு மூன்று பேர், மருத்துவர் மூவர், கடைசி மேசைக்கு இருவர். நாற்காலி குறைந்தது 60. குளுக்கோமீட்டர் மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறாக இருந்தால் ஸ்ட்ரிப் மாறிப்போய் வரிசையே நின்றுவிடும். ஸ்ட்ரிப்பும் ஊசியும் 250 வீதம். பிரஷர் கருவிக்குச் சாதாரணப் பட்டை நான்கு, பெரிய பட்டை இரண்டு, சிறியது ஒன்று. உபரி பேட்டரி, டார்ச், எடைக் கருவியை வைக்க ஒரு தட்டையான பலகை. மண் தரையிலோ பாயிலோ வைத்த எடைக் கருவி தவறாகத்தான் காட்டும்.

சாப்பாடு வேண்டும், ஆனால் கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் வேண்டாம். இட்லி, சாம்பார், கொஞ்சம் சுண்டல் போதும். பரிசோதனை மேசையிலிருந்து கண்ணில் படாத தூரத்தில் வைக்க வேண்டும்.

பதிவு மேசை

பின்தொடர்வது தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே ஊரில் நான்கு செல்வி, ஐந்து முருகேசன் இருப்பார்கள். ஆகவே தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, அடையாளம் மூன்றையும் எழுதுங்கள். "மோட்டார் கொட்டகைக்கு எதிர்வீடு" என்று எழுதியிருந்தால் ஒரு வருடம் கழித்தும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். தொலைபேசி எண்ணைக் கேட்டால் பலர் மகனின் எண்ணைச் சொல்வார்கள். மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். "இது யாரு போனுங்க அக்கா? நாங்க கூப்பிட்டா நீங்க எடுப்பீங்களா?" என்று கேட்டு, பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து வாங்குங்கள்.

ஆதாரைக் கட்டாயமாக்காதீர்கள். காப்பீட்டு அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால், ஆளைப் பிடித்து ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்ற பயம் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்படிப் பயப்பட அவர்களுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை.

பிரஷர் மேசை

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்த பிறகே பட்டையைக் கட்ட வேண்டும். கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், மார்பு உயரத்தில். கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி ஏற்றுவதைவிட மெல்லிய துணிக்கு மேலேயே கட்டுவது மேல். சுருட்டிய துணி கையை நெரிக்கும். கைச் சுற்றளவு 32 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரிய பட்டை. சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். டீ குடித்து, வெற்றிலை புகையிலை போட்டு அரை மணி ஆகாதவரையும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 140, 150 என்று முழு எண்ணாக்க வேண்டாம், கருவி காட்டுவதை அப்படியே எழுதுங்கள். அளவைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். பின்னால் நிற்பவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

விரல் குத்தும் மேசை

"சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டால் "ஒண்ணும் சாப்பிடலப்பா" என்றுதான் பதில் வரும். அடுத்து, "டீ குடிச்சீங்களா? வெத்தல போட்டீங்களா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். சர்க்கரை போட்ட டீ குடித்திருந்தால் அது வெறும் வயிறு அல்ல. சீட்டில் 'சாப்பிட்ட பின்' என்று எழுதி, அதற்குரிய அளவுகோலில் பாருங்கள்.

விரலை ஸ்பிரிட்டால் துடைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வாழைப்பழமோ வெல்லமோ தொட்ட கை என்றால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும். ஸ்பிரிட் முழுதும் காய வேண்டும். நாற்றுப் பறித்துக் கதிர் அரிவாள் பிடித்துக் காய்த்த விரலில் நடு நுனியில் குத்தினால் ரத்தம் வராது. மோதிர விரலின் பக்கவாட்டில், ஊசியின் ஆழத்தை ஒரு படி கூட்டிக் குத்துங்கள். கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாகத் தேய்த்துவிட்டால் ரத்தம் இறங்கும். விரல் நுனியைப் போட்டுப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்துவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

குத்தும் பேனாக் கருவியைப் பலருக்குப் பொதுவாகப் பயன்படுத்தவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கருவி முனையில் ஒட்டிய ரத்தத்தால் மஞ்சள் காமாலை பி தொற்ற வழி இருக்கிறது. ஒரு முறை குத்தியதும் தானே உள்ளே போய்விடும் ஊசியை வாங்குங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். அதற்காக ஐஸ் பெட்டியிலும் வைக்க வேண்டாம், வியர்த்து ஈரம் ஏறிக் கெட்டுவிடும்.

வாய், கண், கால்

கொழுந்து வெற்றிலை விளையும் கும்பகோணம் பக்கம் வாய்ப் பரிசோதனையை விட்டுவிட்டு முகாம் நடத்துவதில் பொருளில்லை. வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும்தான் வில்லங்கம். டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்ப வேண்டும். கையுறையை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள்.

கண்பார்வைக்கு 6 மீட்டரை நாடா வைத்து அளந்து கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு பக்கமும் திரும்பும் மூன்று கோட்டுப் படம் (E எழுத்து வடிவம்) போதும். கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் சந்து வழியே பார்த்துவிடுவார்கள். ஊசித்துளை அட்டை வழியே பார்க்கும்போது தெளிந்தால் கண்ணாடி போதும் என்று ஊகிக்கலாம். தெளியவில்லையென்றால் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். புரை அறுவை சிகிச்சை முகாமில் நடக்கக் கூடாது, மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மட்டுமே செய்ய வேண்டும்.

கால் மேசையைப் பலர் வைப்பதில்லை. சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் ஊரில் அது கட்டாயம் வேண்டும். சேற்றுப்புண், சர்க்கரையால் மரத்த பாதம், பழைய யானைக்கால் வீக்கம் மூன்றும் இங்கே கிடைக்கும். உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் நைலான் இழை விலை அதிகமில்லை. கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் அளவுக்கு அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்காமல் "தொடும்போது சொல்லுங்க" என்று சொல்லுங்கள். கேட்டுக் கேட்டு அழுத்தினால் மரியாதைக்காகவே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசி மேசை

அனுபவம் மிகுந்தவரை இங்கே உட்கார வையுங்கள். மற்ற மேசைகளில் எழுதியதைப் பார்த்து மூன்றாகப் பிரிப்பது இவர் வேலை.

சிவப்பு: பிரஷர் 180/120 அல்லது அதற்கு மேல், சர்க்கரை 70-க்குக் கீழ், அல்லது 300-க்கு மேல் இருந்து வாந்தியோ மூச்சிரைப்போ மிகுந்த சோர்வோ இருப்பவர். நெஞ்சுவலி, ஒருபக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் 108. மற்றவர்களை மருத்துவர் அங்கேயே பார்த்து அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும். 70-க்குக் கீழ் என்றால், நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

மஞ்சள்: பிரஷர் 140/90 முதல் 179/119 வரை, வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது மேல், சாப்பிட்டவருக்கு 200 அல்லது மேல், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்த பெண்கள் (கர்ப்பிணி என்றால் 11), பார்வை 6/18-க்கும் கீழே (நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரிலும் பார்க்க முடியாதவர்), வாயில் திட்டு, மரத்த கால். இவர்களிடம் "உங்களுக்குச் சுகர் வந்துடுச்சு" என்று சொல்லக் கூடாது. விரல் ரத்தம் சந்தேகத்தைத்தான் காட்டும். நரம்பில் எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், எந்த அறை, எந்தப் பேருந்து என்று சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தப் பேருந்தின் நேரத்தையே எழுதுங்கள்.

மீதமுள்ளவர் பச்சை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பவர்களைப் பச்சையில் சேர்த்தாலும், முகாமுக்குப் பின் நடத்தும் வகுப்புகளுக்கு (கீழே பாருங்கள்) அழையுங்கள்.

ஐந்து நாள் பிரஷர் மாத்திரையை முகாமில் கொடுத்து அனுப்புவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். தீர்ந்ததும் 'கோர்ஸ் முடிந்தது' என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் இலவசமாக வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் தொடரில் சேர்த்துவிடுவதுதான் முகாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

மேசையைக் கலைக்குமுன் குப்பையைப் பாருங்கள். குத்திய ஊசி குத்துப்படாத வெள்ளைப் பெட்டியிலும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையிலும், கையுறை சிவப்புப் பையிலும் போக வேண்டும். எல்லாவற்றையும் மருத்துவமனைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். முகாம் நடந்த பள்ளிக்கூடம், திங்கட்கிழமை பிள்ளைகள் விளையாடும் இடம்.

வகுப்புகள்

முகாமுக்கு அடுத்த வாரமே தொடங்குங்கள். வாரம் ஒன்று, மாலை நாலரைக்கு மேல், 40 நிமிடம், 20 பேருக்கு மிகாமல். படம் போட்டுப் பேசுவதைவிடக் கையால் செய்ய வைப்பது நிற்கும்.

உப்பு வகுப்பை இப்படி நடத்தலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்தான் எல்லை, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். "உங்க வீட்ல எத்தனை நாள் வருது?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் இந்தக் கணக்குக்கு மேல். டெல்டாவில் நின்றுகொண்டு சோறே சாப்பிடாதே என்று சொன்னால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது. வழக்கமாகப் போடும் கரண்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் காயும் பருப்பும் வைக்கச் சொல்லுங்கள்.

கால் வகுப்புக்கு வாளி, சோப்பு, பருத்தித் துண்டு வேண்டும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஒற்றி உலர்த்தி, காலை உயர்த்தி வைத்துக்கொண்டாலே அடிக்கடி வரும் காய்ச்சலும் நெறிகட்டுவதும் குறையும். பாம்புக்கடிக்கு ஒரு வகுப்பு, குறுவைக்கு முன்பு: கட்டுப் போடாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோ. இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்த முதலுதவியும் (சிபிஆர்) கற்றுக்கொடுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம்.

ரத்த தானமும் நன்கொடையும்

ரத்த தான முகாமைப் பரிசோதனை முகாமோடு ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு வெறும் வயிறு, மற்றொன்றுக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். உரிமம் பெற்ற ரத்த மையக் குழுவை மட்டும் அழையுங்கள். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல், ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. புரட்டாசிச் சனி, அமாவாசை போன்ற விரத நாள் வேண்டாம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கொடுத்த அன்று தென்னை மரம் ஏறக் கூடாது.

நன்கொடையை மொய்நோட்டுப் போல வரி வரியாக எழுதி, செலவோடு சேர்த்து ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. சிங்கப்பூர், மலேசியா உறவினர்கள் பணம் அனுப்பினால் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

பந்தலுக்கும் பதாகைக்கும் குறைத்து, கண்ணாடிக்கும் ஆய்வகச் செலவுக்கும் வண்டிக் கூலிக்கும் ஒதுக்குங்கள்.

தொண்ணூறு நாள்

இதற்கென்று ஒருவரை நியமியுங்கள். சம்பளம் கொடுத்து, வேலையாகவே. சிவப்பில் இருந்தவர்களை மறுநாள் கூப்பிட வேண்டும். மஞ்சளை ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள். பகலில் யாரும் எடுக்க மாட்டார்கள், இரவு ஏழிலிருந்து எட்டுக்குள் கூப்பிடுங்கள். இரண்டு முறை கிடைக்காவிட்டால், சம்பந்தப்பட்டவர் பதிவின்போதே சம்மதித்திருந்தால் பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். "ஏன் போகலை?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும். "போறதுக்கு என்ன தடையா இருந்துச்சு?" என்று கேட்டால் காரணம் வரும்: நடவு, பேருந்து இல்லை, சீட்டு தொலைந்தது, உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசிக் காரணத்தைச் சொல்பவரைத்தான் அதிக நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கும், பிரஷர் வலிக்காது.

ஒரே தாளில் நான்கு எண்கள் போதும்: வந்தவர், மஞ்சளும் சிவப்புமாகக் குறிக்கப்பட்டவர், மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தவர், தொண்ணூறாம் நாளில் மருந்தில் இருப்பவர். மூன்றாவது எண் இரண்டாவதில் பாதிக்கும் கீழே இருந்தால் அடுத்த ஊரில் முகாம் போடாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு மருத்துவரையும் ஆய்வக ஆளையும் அதே பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, விட்டுப்போனவர்களை மட்டும் வரவழைத்துப் பாருங்கள்.